பட்டறைப் பதில்கள்: இறுகிப்போன கப் கேடட் என்ஜின்

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு வெளியே பழைய வீடு ஒன்றை வாங்கினோம். அதன் பின்கட்டுக் கொட்டகையில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் கப் கேடட் 122 என்னும் தோட்டத்து டிராக்டர், மஞ்சளும் வெள்ளையுமாக, தூசி படிந்து நிற்கிறது. அதில் உள்ளது கோலர் கே-301 பெட்ரோல் என்ஜின். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் முந்தைய உரிமையாளர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கொட்டகையின் கூரை ஒழுகுகிறது. வண்டியில் ஏர் கிளீனரையும் காணவில்லை. புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரை இயக்கினால் பெல்ட் கிறீச்சிட்டு வழுக்குகிறதே தவிர, என்ஜின் இம்மியும் அசையவில்லை. ஊரில் அப்பாவுடன் சேர்ந்து பம்பு செட் என்ஜினை அவிழ்த்துப் பூட்டிய பழக்கம் எனக்கு உண்டு. இந்த என்ஜினை எப்படி விடுவிப்பது?
— வாசகர், ஒஹாயோ

பதில்: முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள், ஸ்டார்ட்டரை இனித் தொட வேண்டாம். இறுகிய என்ஜினில் அதை மீண்டும் மீண்டும் இயக்கினால் பெல்ட் பொசுங்கும், சுருள் எரியும், பிஸ்டன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உங்களிடம் இருப்பது கென்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையில் 1965க்கும் 1967க்கும் இடையில் செய்யப்பட்ட வண்டி. கே-301 என்பது 12 குதிரைத்திறனும் 476 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின். அதன் பிளாக், அதாவது சிலிண்டர் அடங்கிய உடற்பகுதி, வார்ப்பிரும்பு; பிஸ்டனும் அதைக் கிராங்க் என்னும் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அலுமினியம்; பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் இரும்பு. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இனி நான் சொல்வதில் பாதி தானாகவே விளங்கிவிடும். ஈரக்காற்றில் துருப்பிடிப்பது வார்ப்பிரும்புச் சுவரும் இரும்பு ரிங்கும்தான். அவை தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய கோட்டில் துரு வளர்ந்து இரண்டையும் ஒட்டவைக்கிறது. அந்த ஒட்டு முரட்டுத்தனமானது அன்று. ஆனால் அதை உடைக்க நாம் கொடுக்கும் விசை முழுவதும் அலுமினியத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது என்பதால், அவசரப்படுபவரின் கையில் துரு விடுபடுவதற்கு முன்பே அலுமினியம் உடைந்துவிடுகிறது.

எதையும் ஊற்றுவதற்கு முன்பு, இறுகியிருப்பது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வண்டியில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளையாக, என்ஜினின் முன்பக்கத்தில் பெல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். பெல்ட்டைக் கழற்றி அதன் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். அதன் பேரிங் இறுகியிருந்தாலும் அறிகுறி இதே போலத்தான் இருக்கும். கிராங்கோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை மூடியிருக்கும் தகட்டையும் கழற்றுங்கள். பதினைந்து ஆண்டு சும்மா கிடந்த வண்டியில் எலிகள் கூடு கட்டி, கொட்டைகளைச் சேர்த்துவைத்து, ஃப்ளைவீலின் இறக்கைகளுக்கு இடையில் கெட்டியாக அடைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் பெட்ரோலோ தண்ணீரோ வெளியே வந்தால், பிஸ்டனுக்கு மேல் தேங்கிய நீர்மம்தான் தடையாக நின்றது என்று பொருள். அப்படியானால் வேலை எளிது.

இவற்றைவிட முக்கியமானது வண்டி கடைசியாக எப்படி நின்றது என்பது. இந்த என்ஜினில் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு நாக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலை அள்ளித் தெளிப்பதுதான் மொத்த ஏற்பாடு. ஆயில் குறைந்து ஓடினால், தனி பேரிங் ஓடு எதுவும் இல்லாமல் கிராங்கின் மேல் நேரடியாகச் சுழலும் அலுமினிய ராடு உருகி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஓட்டத்தின் நடுவே திடீரென்று நின்ற வண்டி என்றால், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் வழியாக எத்தனை நாள் எண்ணெய் ஊற்றினாலும் பயனில்லை. என்ஜினை இறக்கி அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றியாக வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உண்மையானால் இது அந்த வகையன்று, துருவின் வேலை. ஆயினும் ஆயில் அளவுக்கோலை உருவிப் பாருங்கள், வடிகுழாய் மூடியையும் சற்றே தளர்த்துங்கள். ஆயிலை விடத் தண்ணீர் கனமானது. ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் தண்ணீர் இருந்தால் முதலில் சொட்டுவது அதுவாகவே இருக்கும்.

அடுத்தது ஹெட். பிளக் துளை வழியாகவே எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பதுதான் பலருக்கும் தெரிந்த வழி, ஆனால் இந்த என்ஜினுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இது சைடு வால்வு என்ஜின். வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டரின் பக்கத்திலேயே பிளாக்கில் அமர்ந்திருக்கின்றன. ஊற்றுவதில் ஒரு பகுதி வால்வுக் குழிக்குப் போய், வால்வு திறந்திருந்தால் கார்புரேட்டருக்கோ சைலன்சருக்கோ ஒழுகிவிடும். அதே சைடு வால்வு அமைப்பே நமக்கு ஒரு வசதியையும் தருகிறது. ஹெட் என்பது வெறும் மூடி. தள்ளுகோல் இல்லை, டைமிங் குலைவதும் இல்லை, போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்துவைத்து, ஒவ்வொன்றையும் முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கமாக அசைத்து, பிறகு தளர்த்துங்கள். மறுக்கிற போல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள், ஒடிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுப்பது பிஸ்டனை விடுவிப்பதைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

ஹெட் வந்ததும் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது கீழே நின்றால், அதற்கு மேலுள்ள சிலிண்டர்ச் சுவர் முழுவதும் இத்தனை ஆண்டுகள் ஈரக்காற்றில் திறந்து கிடந்திருக்கும். அந்தத் துருவை அகற்றாமல் பிஸ்டனை மேலே ஏற்றினால் ரிங் அதில் போய் முட்டிக்கொள்ளும். வால்வுகளின் மேலும் பிஸ்டனின் ஓரத்திலும் துணியைத் திணித்து, மண்ணெண்ணெயில் நனைத்த 400 எண் எமரி தாளால், மேலும் கீழுமாக அன்றிச் சுற்றுவாட்டில் தேய்த்து, விரல் நகம் தட்டுப்படாத அளவுக்குச் சுவரை வழவழப்பாக்குங்கள். துருப்பொடியைத் துடைத்தும் உறிஞ்சியும் எடுத்துவிட வேண்டும். அது ரிங்கின் ஓரத்தில் சேர்ந்தால் நாமே ஆப்பு அடித்ததற்குச் சமம்.

இனி ஊறவைத்தல். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் ஊற்றும் சிவப்பு ஆயிலும் அசிட்டோனும் பாதிப் பாதி என்னும் கலவைக்கு இங்கே பெரும் புகழ் உண்டு. அது வேலை செய்யும் என்பதும் உண்மையே. ஆனால் இரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்காது, குலுக்கிக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும், பெயின்டைக் கரைக்கும், ஒரு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பல நாள் ஊறப்போகும் வேலைக்கு அதே சிவப்பு ஆயிலை டீசலோடு சேர்த்து ஊற்றுவதையே நான் விரும்புகிறேன். பிஸ்டனுக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கும்படி ஊற்றி, அந்த மட்டத்தைச் சிலிண்டர்ச் சுவரில் மார்க்கரால் கோடிட்டுவையுங்கள்.

அந்தக் கோடுதான் இனி உங்கள் வைத்தியர். என்னிடம் வந்த ஒரு கே-301இல் முதல் நான்கு நாள் எண்ணெய் கோட்டை விட்டு நகரவே இல்லை. ஐந்தாம் நாள் காலை ஒரு தீக்குச்சித் தடிமன் அளவுக்கு இறங்கியிருந்தது; ஆறாம் நாள் பாதி காணாமற்போயிருந்தது. பிஸ்டன் இன்னும் அசையவில்லைதான். ஆனால் எண்ணெய் ரிங்குகளைக் கடந்து சம்ப்பில் இறங்கத் தொடங்கிவிட்டது என்பதால், அன்றுதான் முதல்முறையாக நெம்புகோலை எடுத்தேன். ஃப்ளைவீலிலும் அதையொட்டிய பிளாக்கிலும் நேருக்கு நேராக ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போட்டு, உடல் எடையைச் சாய்க்காமல் கைபலத்தால் மட்டும் ஒரு பக்கம் அழுத்தினேன், பிறகு மறுபக்கம். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு, காய்ந்த மரக்கிளை முறிவது போன்ற ஒரு சிறு ஓசை கேட்டது. சுண்ணக்கட்டிக் கோடுகள் இரண்டும் ஒரு நெல்லின் அகலத்துக்கு விலகியிருந்தன. அதோடு அன்றைய வேலையை நிறுத்திவிட்டு மீண்டும் எண்ணெய் ஊற்றினேன். மறுநாள் அந்த நெல்லகலம் ஒரு விரலகலமாயிற்று. மூன்றாம் நாள் முழுச் சுற்று வந்தது.

நீங்களும் அந்த முதல் அசைவைக் கண்டதும் ஆசைப்பட்டு முழுச் சுற்றுக்கு இழுத்துவிடாதீர்கள். முன்னும் பின்னுமாக ஆட்டி, சுரண்டி வரும் துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மீண்டும் ஆட்ட வேண்டும். நெம்புகோலுக்குக் கிராங்கின் முனையில் போல்ட் மாட்டத் துளை இருக்கும் இடத்தில் மூன்றடி நீளப் பட்டை இரும்பைப் பூட்டிக்கொள்ளலாம். ஃப்ளைவீலின் இறக்கைகளில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புவது பெரும் பிழை. ஒரு இறக்கை உடைந்தாலும், நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழலும் சக்கரத்தின் சமநிலை போய்விடும். இந்த வண்டியில் ஃப்ளைவீல் ஓட்டுநர் இருக்கையின் பக்கமாகத் திரும்பி, கிளட்ச்சுக்குப் போகும் தண்டோடு இணைந்திருப்பதால், சட்டகத்துக்குள் வைத்தே வேலை செய்வது இடைஞ்சலாக இருக்கும். என்ஜினை இறக்கி மேசைமேல் வைத்துக்கொள்வது நல்லது. அது 50 கிலோ அளவுக்கு இருக்கும். தனியாகத் தூக்க முயன்று முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

சுத்தியலைப் பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதன்முதலில் கெடுத்த பிஸ்டன் சுத்தியலால் கெட்டதுதான். அது மேல்முனையில் நின்றிருந்தது. நான் ஒரு மரக்கட்டையை நடுவில் வைத்து ஓங்கி ஓங்கி அடித்தேன். பிஸ்டன் மேல்முனையிலோ கீழ்முனையிலோ நிற்கும்போது ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்; அப்போது மேலிருந்து விழும் அடி கிராங்கைச் சுழற்றாது, ராடையும் பேரிங்கையும் மட்டுமே தாக்கும். ஒரு மணி நேர உழைப்பில் ரிங் பள்ளத்தின் விளிம்பு பெயர்ந்ததுதான் மிச்சம். அந்த நிலையில் கிராங்கின் பக்கமிருந்து திருப்புவதற்கே வலிமை அதிகம், ஏனென்றால் சிறு திருப்பம்கூடப் பெரும் விசையாகப் பிஸ்டனுக்குப் போய்ச் சேரும். பிஸ்டன் பாதி வழியில் நின்றால் மட்டும் கட்டைக்கு வேலை உண்டு. இந்தச் சிலிண்டரின் விட்டம் 3⅜ அங்குலம். அதற்குச் சற்றே சிறியதாக உருட்டிக் கடைந்த கடினமான மரக்கட்டையை வைத்து, நெம்புகோலை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் மெல்லத் தட்ட வேண்டும். தட்டுவது அதிர்வுக்காகத்தான், பிஸ்டனை உள்ளே இறக்குவதற்காக அன்று.

சூடு கொடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே முழு என்ஜினையும் சேர்த்துச் சுட்டால் பிஸ்டன் மேலும் இறுகும். தேங்கிய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிண்டரின் வெளிப்புறத்தை மட்டும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி, ஆறவிட்டு, எண்ணெயை மீண்டும் ஊற்றுங்கள். வெளிச்சுவர் விரிந்து சுருங்கும்போது உண்டாகும் மயிரிழை இடைவெளியில் எண்ணெய் இறங்கும். அசிட்டோன் பயன்படுத்தியிருந்தால் இதை அறவே செய்யக் கூடாது, தீச்சுடரை எந்த நிலையிலும் காட்டக் கூடாது.

இரண்டு மூன்று வாரத்துக்கும் அசையாவிட்டால் ஆயில் தட்டைக் கழற்றி, ராடின் கீழ் மூடியை அவிழ்த்துவிடுங்கள். கிராங்க் தனியாகச் சுழன்றால் குற்றவாளி பிஸ்டன்தான் என்பது உறுதியாகிவிடும். கீழிருந்து கட்டை கொடுத்து மேலே தள்ளி வெளியே எடுத்துவிடலாம். ராடிலும் மூடியிலும் எதிரெதிராக அடையாளம் இருக்கும். திரும்பப் பூட்டும்போது அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிளக் துளையில் கிரீஸ் கன்னைப் பொருத்தி அழுத்தத்தால் தள்ளும் முறையும் ஒன்று உண்டு. அதற்கு இரு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும், ஹெட்டும் பூட்டியிருக்க வேண்டும். கடைசியில் கிரீஸைச் சுரண்டி எடுக்க ஒரு நாள் தனியாகப் போகும். எனக்கு அது பிடிக்காத முறை.

பிஸ்டன் விடுபட்ட அன்றே பெட்ரோல் ஊற்றிக் கிளப்பிப் பார்க்கத் தோன்றும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ரிங்குகள் பெரும்பாலும் தம் பள்ளங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், சிலிண்டரில் துரு தின்ற குழிகள் இருக்கும், சம்ப்பில் உள்ளது ஆயிலும் டீசலும் துருவும் கலந்த குழம்பு. பிஸ்டனை வெளியே எடுத்து, ரிங்கை உடையாமல் விரித்துக் கழற்றி, பள்ளங்களைச் சுத்தம் செய்யுங்கள். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்தால், பழைய சிலிண்டரில் 0.030 அங்குலம் வரை ஏற்கலாம். அதற்கு மேல் போனாலோ, ரிங் ஓடும் பகுதியில் நகம் இறங்கும் ஆழத்துக்குக் குழி இருந்தாலோ ரீபோர் செய்வதே, அதாவது சிலிண்டரைச் சற்றே பெரிதாகக் கடைவதே வழி, 0.010, 0.020, 0.030 அங்குலம் கூடுதல் அளவுப் பிஸ்டன்கள் இந்த என்ஜினுக்கு உண்டு. வார்ப்பிரும்பு பிளாக்கின் பெருமையே அதுதான்: சிலிண்டரைக் கடைந்து மீண்டும் புதிதாக்கலாம்.

வால்வுகள் வழிகாட்டிக் குழாயில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு மெல்லத் திருகி விடுவியுங்கள். குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு 0.008 முதல் 0.010 அங்குலமும், புகைவால்வுக்கு 0.017 முதல் 0.019 அங்குலமும் இடைவெளி இருக்க வேண்டும். பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பற்றவைப்புப் பாயின்ட்டுக்கு 0.020 அங்குலம். ஹெட் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் படிப்படியாக 25 முதல் 30 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். 30 எண் ஆயில் இரண்டு குவார்ட் பிடிக்கும். தெளிப்பு முறை என்பதால், பூட்டும்போது சிலிண்டரிலும் ராடிலும் கையால் தடவும் ஆயில்தான் முதல் சில நொடிகளுக்கான காப்பு, தாராளமாகத் தடவுங்கள். திறந்தவெளியில் பத்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓட்டி நிறுத்தி, ஆயிலைச் சூட்டோடு வடித்து மாற்றுங்கள். ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

கேள்வி: என்னிடமும் இதே போன்று இறுகிய பழைய வண்டி ஒன்று உள்ளது. கியரில் போட்டுக் காரில் கட்டி இழுத்தால் ஒரே நிமிடத்தில் விட்டுவிடும் என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகி, மிச்சிகன்

பதில்: வேண்டாம். பெரும்பாலும் பின்சக்கரங்கள் சுழலாமல் புல்லைக் கிழித்துக்கொண்டு வழுக்கும். வழுக்காமற்போனால் அதுதான் ஆபத்து. காரின் இழுவை முழுவதும் கியர்பெட்டி, கிளட்ச், கிராங்க் வழியாக ஒரே வெட்டில் அந்த அலுமினிய ராடின்மேல் வந்து விழும். கையில் நெம்புகோலைப் பிடித்திருப்பவருக்கு எதிர்ப்பு எவ்வளவு என்று தெரியும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். காருக்குள் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அப்படி இழுத்து விடுபட்ட என்ஜின்கள் இல்லாமலில்லை. அவற்றில் எத்தனை மறுவாரமே ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்தன என்பதை உங்கள் நண்பர் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் ஊரில் ஐந்து மாதம் பனி. தோட்டத்து டிராக்டரை ஓட்டாமல் வைக்கும் காலத்தில் என்ஜின் இறுகாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், விஸ்கான்சின்

பதில்: பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மீதம் இருப்பது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள், ஏனென்றால் பழைய ஆயிலில் எரிபொருளின் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றி, இரண்டு மேசைக்கரண்டி ஆயிலை உள்ளே விட்டு, ஃப்ளைவீலைக் கையால் பல சுற்று சுற்றிப் பிளக்கை மாட்டுங்கள். பிறகு அமுக்க வீச்சின் மேல்முனையில், அதாவது கையில் எதிர்ப்பு மிகுந்து உணரப்படும் இடத்தைத் தாண்டியவுடன், பிஸ்டனை நிறுத்திவையுங்கள். அங்கே இரு வால்வுகளும் மூடியிருக்கும். வெளிக்காற்று உள்ளே போகாது, சிலிண்டர்ச் சுவரும் பிஸ்டனுக்கு மேல் அதிகம் திறந்திருக்காது.

சைலன்சரின் வாய் மேல்நோக்கி இருந்தால் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவையுங்கள். துணியைத் திணித்தால் எலிக்கு மெத்தை போட்டுக் கொடுத்ததாகிவிடும். வசந்தத்தில் வண்டியைக் கிளப்புமுன் டப்பாவை எடுக்க மறந்துவிடாமலிருக்க, சாவியை அந்த டப்பாவுக்குள்ளேயே போட்டுவைப்பது என் வழக்கம்.